சத்தம் கேட்டால் கையைத் தூக்கவும்

ஆபிரகாமுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை என்பது அவர் மனைவி ரூத்துக்குத் தெரியும். பென்னலூரில் அவர்கள் தெருவுக்குப் பால் பாக்கெட் போடுகிறவருக்குத் தெரியும். பெங்களூரில் நர்சிங் படிக்கும் மகள் ஜோவிதாவுக்கும் தெரியும். அப்பா போனை வாங்கி இரண்டு நிமிஷம் "ஆமாம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவார் என்பதால், முக்கியமான எதையும் அவள் அந்த இரண்டு நிமிஷத்தில் சொல்வதில்லை. தெரியாதது ஒரே ஒரு இடத்துக்குத்தான். ஒரகடத்தில் அவர் இருபத்தோரு வருஷமாக வேலை பார்க்கும் கம்பெனியில், அவர் பெயர் எழுதிய ஃபைலில், எட்டு வருஷமாக வருஷத்துக்கு ஒரு தாள் வீதம், 'கேட்கும் திறன் இயல்பாக உள்ளது' என்று டாக்டர் கையெழுத்தோடு கிடக்கிறது.

கேட்காத காதுக்கு இப்படி ஒரு தாளை எப்படி வாங்குவது என்று அந்தக் கம்பெனியின் பிரஸ் ஷாப் ஆட்களைக் கேட்டால் சொல்லித் தருவார்கள். அதற்கு முன்னால் காது எப்படிப் போனது என்று சொல்லிவிட வேண்டும்.

கார் கதவின் உள்பக்கத் தகடு செய்கிற கம்பெனி அது. மாடி வீட்டு உயரத்துக்கு நிற்கும் பிரஸ் மெஷின்கள் பதினொன்று. அச்சின் கீழ்ப்பாதியில் தகட்டை வைத்தால் மேல்பாதி இறங்கி ஒரே அடி, தகடு கதவாகிவிடும். நிமிஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு அடி, ஒரு ஷிப்டுக்கு எட்டு மணி நேரம். புதிதாகச் சேருகிறவன் முதல் வாரம் ரூமுக்குப் போய்ப் படுத்த பிறகும் பாய்க்கு அடியில் யாரோ இடிக்கிற மாதிரி இருக்கிறது என்பான். ஆபிரகாம் அங்கே பதினைந்து வருஷம் நின்றார்.

காதில் அடைத்துக்கொள்ள எதுவும் கொடுக்கவில்லை என்று கம்பெனி மேல் பழி போட முடியாது. ஆரஞ்சு நிற ரப்பர், நீலக் கயிறு, மாதத்துக்கு ஒரு ஜோடி, கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். இயர் பிளக் என்று பெயர். அது ஆட்களின் கழுத்தில் தாலி போலத் தொங்கிக்கொண்டிருக்கும். பாதுகாப்பைச் சோதிக்க வரும் ஆடிட்டர் கார் கேட்டில் நுழைந்ததும் செக்யூரிட்டி வாக்கி டாக்கியில் சொல்வார், ஷாப் முழுக்கக் கைகள் கழுத்துக்குப் போகும், அடுத்த நொடி எல்லாக் காதிலும் ஆரஞ்சுப் பூ பூத்திருக்கும். கார் வெளியே போனதும் பூ உதிர்ந்துவிடும்.

இதைச் சோம்பேறித்தனம் என்று ஏ.சி. ரூமில் இருப்பவர்கள் சொல்வார்கள். விஷயம் அதுவல்ல. அச்சு நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதைப் பிரஸ் ஆபரேட்டர் கண்ணால் பார்ப்பதில்லை, காதால்தான் பார்க்கிறான். ஒரு நகக்கண் அளவுக்கு இரும்புச் சில்லு அச்சுக்குள் மாட்டினால் போதும், அடியின் சத்தம் மாறிவிடும். அந்த மாற்றத்தைப் பிடிக்கத் தவறினால் அடுத்த நாற்பது கதவும் கீறலோடு வரும், சூப்பர்வைசர் வந்து குதிப்பார். காதை அடைத்துக்கொள் என்று சுவரில் எழுதி ஒட்டிவிட்டு, சத்தத்தைக் கவனி என்று ஆளிடம் சொன்னால் அவன் எதைத்தான் செய்வான்? போஸ்டர் ஒட்டியவர் யாரும் அதற்குப் பதில் சொன்னதில்லை.

ஆபிரகாம் இதில் பெரிய கில்லாடி. மூன்றாவது மெஷினில் நின்றுகொண்டு ஏழாவது மெஷினில் அச்சு கீறுகிறது என்று கையைக் காட்டுவார். போய்ப் பிரித்துப் பார்த்தால் கீறியிருக்கும். புது ஆட்களிடம் அவரைக் காட்டி, "அண்ணன் காது வெச்சா தப்பாது" என்பார்கள். அந்தப் பேச்சுக்காகவே அவர் ரப்பரைக் கழுத்தில் தொங்கவிட்டார். யாரும் அவரை வற்புறுத்தவில்லை. இதைப் பிற்பாடு நினைக்கும்போதெல்லாம் அவருக்கு அவர் மேலேயே எரிச்சல் வரும்.

முதலில் போனது வீட்டுக் குக்கர் விசில். பிறகு சர்ச்சில் சின்னப் பிள்ளைகள் பாடும் பாட்டு. வாய் அசைகிறது, ஏதோ வருகிறது, வார்த்தை வரவில்லை. கடைசியில் ஒருநாள் அவருடைய சொந்த மெஷினிலேயே அச்சு கீறி அறுபது கதவு வீணானது. அவர் பக்கத்திலேயே நின்றிருந்தார், தெரியவில்லை. அன்றைக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. முட்டிவலி என்று சொல்லி, லைசென்ஸ் எடுத்து, சரக்குத் தூக்கி நகர்த்தும் ஃபோர்க் லிஃப்ட் வண்டி ஓட்டப் போய்விட்டார். அது ஆறு வருஷத்துக்கு முன்பு.

ஃபோர்க் லிஃப்ட் ஓட்டுகிறவனுக்குக் கண்ணும் காதும் நன்றாக இருக்கிறது என்று வருஷா வருஷம் தாள் வேண்டும். பிரஸ் ஷாப் ஆட்களுக்கும் அதே பரிசோதனை உண்டு. அதற்கென்று வெளியிலிருந்து ஒரு வேன் வரும். வேனுக்குள் கண்ணாடி ஜன்னல் வைத்த சின்னப் பெட்டி அறை. ஆளை உள்ளே உட்கார வைத்து, தலையில் ஹெட்போன் மாட்டி, 'சத்தம் கேட்டால் கையைத் தூக்கவும்' என்று ஒட்டியிருப்பதைக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்துவார்கள். வெளியே டெக்னீஷியன் மெஷினில் பட்டனை அழுத்துவார். பிரஸ் ஷாப் பழைய ஆட்கள் வரிசையில் நிற்கும்போதே பின்னால் இருப்பவனிடம் சொல்லிவிடுவார்கள்: "மெஷினப் பாக்காதடா, முழங்கையப் பாரு." பட்டன் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அழுத்துகிறவரின் முழங்கை லேசாக அசையும். அசைந்தால் கையைத் தூக்கு. அவ்வளவுதான். தோற்றால் கான்ட்ராக்ட் ஆளை வீட்டுக்கு அனுப்புவார்கள், பர்மனென்ட் ஆளை மூலையில் போடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதனால் அந்தப் பிரஸ் ஷாப்பில் இன்றுவரை ஒருவருக்கும் காது போனதாக ரெக்கார்டு கிடையாது. இரைச்சலால் காது கேளாமல் போவது, அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் என்று சட்டத்தில் இருக்கிறது. தெரிவிக்கத்தான் ஆள் அகப்படவில்லை.

இப்படியே ரிட்டயர்மென்ட் வரை ஓட்டிவிடலாம் என்றுதான் ஆபிரகாம் நினைத்திருந்தார். நாற்பத்தெட்டு வயதாகிவிட்டது, இன்னும் பத்து வருஷம். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை முத்துச்செல்வி குறுக்கே வந்தாள்.

முத்துச்செல்விக்குச் சங்கரன்கோவில் பக்கம். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு ரூமில் ஆறு பெண்களோடு தங்கி, கம்பெனி பஸ்ஸில் வந்து போகிற டிரெய்னி. வேலை பார்த்துக்கொண்டே டிப்ளமோ படிக்கிற திட்டம், மூன்று வருஷம். அதில் இன்னும் நாலு மாதம்தான் பாக்கி. முடித்தால் கையில் சர்டிபிகேட், நடுவில் அனுப்பிவிட்டால் மூன்று வருஷமும் தண்ணீரில் கரைத்த மாதிரி.

அன்றைக்குக் காலை பதினோரு மணிக்கு ஆபிரகாம் லோடை இறக்கிவிட்டு ரிவர்ஸ் எடுத்தார். ஹாரன் அடித்தார், கண்ணாடியைப் பார்த்தார். தரையில் நடக்கிறவர்களுக்கென்று போட்ட மஞ்சள் கோட்டுக்குள் யாரோ காலிப் பேலட்டுகளை, சரக்கு வைக்கும் மரத்தட்டுகளை, ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். அதைச் சுற்றிக்கொண்டு போக முத்துச்செல்வி கோட்டைத் தாண்டி வெளியே கால் வைத்தாள். வண்டி தன் பக்கம் வருவதைப் பார்த்துக் கத்தினாள். வண்டி நிற்கவில்லை. மறுபடி இரண்டு தடவை கத்தினாள். எதிரில் இருந்த லோடர் ஒருவர் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடிவருவதைப் பார்த்த பிறகுதான் ஆபிரகாம் பிரேக்கை மிதித்தார். அதற்குள் வண்டியின் பின்பக்கம் அவளைப் பேலட்டோடு சேர்த்து அழுத்தியிருந்தது. இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல். இன்னும் ஒரு சாண் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஆபிரகாம் அன்றிலிருந்து ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது நினைத்துப் பார்க்கிறார்.

மதியமே விசாரணை. சேஃப்டி ஆபீசர் சக்திகுமார் முப்பத்திரண்டு வயதுக்காரர், கெட்டவரல்ல. தூக்கமில்லாத கண்ணும் கையில் எப்போதும் ஒரு ஃபைலுமாக அலைகிறவர். ஆபிரகாமை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். எதிரில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார், அதனால் எல்லாம் புரிந்தது.

"ஹாரன் அடிச்சீங்களாண்ணே?"

"அடிச்சேன் சார்."

"ரிவர்ஸ் பஸ்ஸர் வேலை செஞ்சுதா?"

"செஞ்சுது சார்." பஸ்ஸர் சத்தம் எப்படி இருக்கும் என்றே அவருக்கு மறந்துபோயிருந்தது. பின்னால் லைட் எரிவதை வைத்துத்தான் சொன்னார்.

"அந்தப் பொண்ணு மூணு தடவ கத்துனேன்னு சொல்றா. உங்களுக்குக் கேட்டுச்சா?"

"இல்ல சார். எனக்கு ஒரு சத்தமும் கேக்கல."

அதை அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார் சக்திகுமார். இருபத்தோரு வருஷத்தில் காதைப் பற்றிக் கம்பெனிக்கு ஆபிரகாம் சொன்ன முதல் உண்மை அதுதான். சொன்னதில் பொய் இல்லையே என்று ஒரு நிம்மதியோடுதான் அன்றைக்கு பஸ் ஏறினார்.

அந்த உண்மை என்ன வேலை பார்த்தது என்று வியாழக்கிழமை தெரிந்தது. விபத்து நடந்தால் ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்டு ஐந்து கட்டத்தில் எழுத வேண்டும் என்பது கம்பெனி முறை. எந்த ஏனில் ஆரம்பித்தாலும் ஐந்தாவது கட்டம் எப்படியோ கூட்டத்திலேயே சின்ன ஆளின் தலையில் போய் நின்றுவிடும். பேலட்டை வழியில் அடுக்கியது யார் என்று யாரும் கேட்கவில்லை, போட்டோ எடுக்கும்போது அதை அகற்றிவிட்டிருந்தார்கள். கேமராவில் அவள் மஞ்சள் கோட்டைத் தாண்டுவது பளிச்சென்று தெரிந்தது. கேமராவில் சத்தம் பதிவாகாது. கையை ஆட்டி ஓடிவந்த லோடர் தூரத்தில் நின்றவர், கண்ணால் பார்த்ததை மட்டும்தான் சொன்னார். டிரைவருக்குக் காது நன்றாக இருக்கிறது, ஃபைலில் எட்டுத் தாள் இருக்கிறது. நல்ல காதுக்காரர் ஒரு சத்தமும் கேட்கவில்லை என்கிறார். அப்படியானால் அவள் கத்தவே இல்லை. கோட்டைத் தாண்டியதோடு, கத்தினேன் என்று விசாரணையில் பொய்யும் சொல்லியிருக்கிறாள். டிரெய்னியாக இருந்துகொண்டு பொய் சொன்னால் மன்னிப்பு கிடையாது. அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி விசாரணை, அன்றோடு நிறுத்திவிடுவதாக நோட்டீஸ்.

சனிக்கிழமை கேன்டீனில் அவர் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது முத்துச்செல்வி மாவுக்கட்டுப் போட்ட கையோடு வந்து எதிரில் நின்றாள். கணக்கு முடிக்கிறவரை கம்பெனிக்கு வந்து ஆபீசில் சும்மா உட்கார்ந்திருக்கச் சொல்லியிருந்தார்கள்.

"அண்ணாச்சி, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"குந்தும்மா. கை எப்டி கீது?"

"கை கெடக்கட்டும். நான் மூணு மட்டம் கத்துனேம்லா? அண்ணாச்சி, அண்ணாச்சின்னு தொண்ட கிழியக் கத்துனேன். ஒங்களுக்குக் கேட்டிருக்கும்லா?"

அவள் கண்ணில் கோபம் இல்லை. சண்டை போட வந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்குக் கேக்கலம்மா."

"அதத்தான் எல்லாவரும் சொல்லுதாவ." அவள் உட்கார்ந்தாள். "எனக்கே இப்பச் சந்தேகமா இருக்கு அண்ணாச்சி. நெசமாவே கத்துனேனா, இல்ல பயத்துல மனசுக்குள்ளயே கத்துனேனான்னு. ரூம்ல பிள்ளையளும் அதத்தான் கேக்காளுவ. நீங்க கேட்டுச்சுன்னு சொல்லணும்னு நான் வரல. நான் கத்துனேனா இல்லையான்னு எனக்குத் தெரியணும், அவ்வளவுதான்."

ஆபிரகாம் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். தன் காது போனதை மறைத்ததில் தனக்கு மட்டும்தான் நஷ்டம் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தார். ஒரு பெண் தன் தொண்டையையே நம்பாமல் போகும் அளவுக்கு அது போகும் என்று அவர் நினைக்கவில்லை. வெட்கமாக இருந்தது. அவளிடம் ஒன்றும் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார், அதற்கும் சேர்த்து வெட்கமாக இருந்தது.

அன்று சாயங்காலம் ரூத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஆபிரகாம் நடந்ததைச் சொன்னார். டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்தார் வந்து சொல்கிற அளவு சத்தத்தில் அது எப்போதும் ஓடும். ரூத் எழுந்து அதை நிறுத்திவிட்டு, அவருக்கு நேராக வந்து உட்கார்ந்தாள்.

"காது கேக்கலன்னு போய்ச் சொல்லிடுங்க."

"சொன்னா வண்டி போய்டும் ரூத்து. மூலையில ஒக்கார வெச்சிடுவானுங்க. இத்தினி வருசம் ஏமாத்திக்கினு இருந்தான்னு பேச்சு வேற வரும்."

"வரட்டும்."

"உனக்கு இன்னா, சுளுவா சொல்லிட்ட."

ரூத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்கு இன்னாவா? நாலு வருசமா உங்க முதுகுக்குப் பின்னால நின்னு உங்களக் கூப்புடறதயே வுட்டுட்டேன் நானு. சமையக்கட்டுலேர்ந்து ஒரு வார்த்த சொல்லணும்னா அடுப்ப அணைச்சுட்டு உங்க மூஞ்சிக்கு நேரா வந்து நிக்கறேன். உங்களுக்கு அது தெரியுமா? அந்தப் பொண்ணாவது மூணு வாட்டிதான் கத்திச்சு."

அவருக்குத் தெரியாது. ரூத் பேச்சைக் குறைத்துக்கொண்டாள், வயதாகிவிட்டது போலிருக்கிறது என்றுதான் நினைத்திருந்தார்.

ஞாயிறு போனது. திங்கட்கிழமை ஷிப்டு முடிந்ததும் சேஃப்டி ஆபீசுக்குப் போய்ச் சக்திகுமார் முன்னால் நின்றார். வாய்க்குள் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் வாசலிலேயே உதிர்ந்துபோய், ஒரே வரிதான் மிஞ்சியிருந்தது.

"சார், எனக்குக் காது கேக்காது."

சக்திகுமார் நிமிர்ந்து பார்த்தார். பிறகு, அலுத்துப்போன ஆள் செய்வதுபோல, அலமாரியைத் திறந்து ஃபைலை எடுத்துத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "எட்டு வருஷம்ணே. எட்டும் நார்மல். போன வருஷ கிராஃப் பாருங்க, என் காதுக்குக்கூட இவ்வளவு நல்லா வராது."

"அதெல்லாம் முழங்கையப் பாத்து வாங்குனது சார்." முழங்கை விஷயத்தை ஆபிரகாம் விளக்கினார். சொல்லச் சொல்ல, தான் மட்டுமல்ல, பிரஸ் ஷாப்பே இதில் இருக்கிறது என்பதை வாய்தவறிச் சொல்லிவிடாமல் கவனமாக இருந்தார்.

சக்திகுமார் நம்பவில்லை. "அந்தப் பொண்ணு வந்து அழுதாளா? பாவப்பட்டுச் சொல்றீங்க. நல்ல மனசுண்ணே உங்களுக்கு. ஆனா நீங்க எழுதிக் குடுத்திருக்கீங்க, ஃபைல் இருக்கு. இப்ப வாயால சொல்றத வெச்சு நான் எப்படி மாத்தறது?"

எட்டு வருஷம் பாடுபட்டு வாங்கிய தாள்கள், இப்போது அவரைப் பார்த்து நீதான் பொய்யன் என்றன. ஆபிரகாமுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை. அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சக்திகுமாருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"இப்ப ஏதாவது சொல்லுங்க சார்."

சுவரில் ஹெல்மெட் போட்ட மனிதன் சிரிக்கும் போஸ்டர் ஒன்று இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஷாப்பிலிருந்து வரும் உறுமலைத் தவிர எதுவும் தனியாகக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தோளில் கை பட்டது. திரும்பினார். சக்திகுமாரின் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன சார் சொன்னீங்க?"

"உங்க பேரச் சொன்னேன். அப்புறம் கொஞ்சம் சத்தமாச் சொன்னேன். அப்புறம் பேனாவால மேஜையத் தட்டுனேன்." சக்திகுமார் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். காது கேளாத ஒருவரிடம் ஆறு வருஷம் ஃபோர்க் லிஃப்ட் சாவியைக் கொடுத்திருக்கிறோம் என்றால் அது யார் தலையில் வந்து விடியும் என்பதை அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் என்று ஆபிரகாமுக்குத் தோன்றியது. கண்ணைத் திறந்தபோது பேச்சு மாறியிருந்தது. "நான் நம்பறேண்ணே. நான் நம்பி ஒண்ணும் ஆகாது, மேல இருக்கறவங்களுக்குத் தாள் வேணும். வியாழக்கிழமை வேன் வருது. அதுல உண்மையா உக்காருங்க. கிராஃப்ல வந்துச்சுன்னா வெள்ளிக்கிழமை அந்தப் பொண்ணு மேல இருக்கற நோட்டீஸ நானே கேன்சல் பண்றேன். கோட்டத் தாண்டுனதுக்கு வார்னிங்கோட போயிடும், டிப்ளமோவத் தொட மாட்டாங்க. ஆனா ஒண்ணு. வண்டிச் சாவி உங்களுக்குத் திரும்பி வராது. இன்னிக்கே குடுத்துடுங்க."

ஆபிரகாம் சாவியை எடுத்து மேஜையில் வைத்தார். சாவி இல்லாத பேன்ட் பை லேசாக இருந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை வரை ஸ்டோரில் உட்கார்ந்து கையுறைகளைப் பிரித்து அடுக்கினார். வண்டியில் ஏன் ஏறவில்லை என்று கேட்டவர்களிடம் முட்டிவலி என்றார். முத்துச்செல்வியைத் தூரத்தில் இரண்டு தடவை பார்த்தார். போய்ச் சொல்லலாமா என்று நினைத்து, தாள் கைக்கு வரட்டும் என்று மென்று விழுங்கினார். வெறும் வாயால் சொன்னதை நம்பி ஏமாந்தவள் என்று அவளுக்கு இன்னொரு பெயரும் வேண்டாம்.

புதன்கிழமை அவருக்குப் புதுக் கவலை ஒன்று வந்தது. எட்டு வருஷப் பழக்கம். முழங்கையைப் பார்த்ததும் கை தானாகத் தூக்கிக்கொண்டால்? கடைசி நேரத்தில் பயம் வந்து தூக்கிவிட்டால்? தன் கையையே நம்ப முடியாத நிலைக்கு வந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை வேன் வந்தது. டெக்னீஷியன் சுகப்பிரியா என்ற பெண், போன இரண்டு வருஷமும் வந்தவள்தான். பிரஸ் ஷாப் ஆட்கள் வெளியே வரிசையில் நின்று ஒருவர் காதில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆபிரகாமின் முறை வந்தது.

"நான் சுவத்தப் பாத்து ஒக்காந்துக்கவாம்மா?"

அவள் அவரை வினோதமாகப் பார்த்தாள். இந்த வேனில் இதுவரை யாரும் கேட்காத கேள்வி. "உக்காருங்கண்ணே. கேட்டா கையத் தூக்குங்க. ரொம்பச் சின்னதா இருந்தாலும் தூக்குங்க. முதல்ல வலது காது."

பெட்டி அறைக்குள் ஸ்டூலைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். ஹெட்போன் மாட்டினாள். கதவைச் சாத்தியது தெரிந்தது, கேட்கவில்லை. கண்ணெதிரே ஓட்டை ஓட்டையாக இருந்த வெள்ளைப் பலகை.

முதலில் ஒரு கனத்த சத்தம் வந்தது, தூரத்து மெஷின் உறுமுவதுபோல. கையைத் தூக்கினார். இன்னொன்று, அதைவிடச் சின்னதாக. தூக்கினார். இன்னும் மூன்று நான்கு. எல்லாம் கேட்டது. அவருக்குத் திக்கென்றது. இவ்வளவும் கேட்கிறதே! காது நன்றாகத்தான் இருக்கிறதா? அப்படியானால் அந்தப் பெண்ணின் கதி? தெரிந்தே கையைத் தூக்காமல் இருந்துவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. எட்டு வருஷம் கேட்காததைக் கேட்டது என்று சொன்னவன், கேட்பதைக் கேட்கவில்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

வேண்டாம் என்று முடிவு செய்தார். வருகிறபடி வரட்டும். கேட்டால் தூக்குவோம்.

சத்தம் நின்றது. மெஷினில் ஏதோ மாற்றுகிறாள் போலிருக்கிறது என்று காத்திருந்தார். பலகையில் ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் இடது காதில் அதே உறுமல். தூக்கினார். இன்னும் நான்கைந்து. மறுபடி நின்றது. யாராவது கூப்பிட்டு வெளியே போயிருப்பாள். போன் வந்திருக்கும். இரண்டு கையையும் முட்டி மேல் வைத்துக்கொண்டு, அடுத்தது வந்தால் தவறவிட்டுவிடக் கூடாதென்று மூச்சைக்கூட மெதுவாக விட்டார். காத்திருந்து காத்திருந்து கால் மரத்துப்போனது. அவ்வளவு நேரமும் தன் கை தானாகத் தூக்கிக்கொள்ளவில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் திருப்தியாக இருந்தது.

கதவு திறந்தது. காற்று முதுகில் பட்டதில் தெரிந்தது. திரும்பினார். சுகப்பிரியா அவர் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள்.

"மீதிய எப்பம்மா போடுவ?"

அவர் முன்னால் குனிந்து, உதடு தெரியும்படி நிறுத்திச் சொன்னாள்.

"எல்லாம் போட்டுட்டேண்ணே. மெஷின்ல இருக்கற முழுச் சத்தமும் வெச்சு, ரெண்டு ரெண்டு தடவ போட்டேன்."

கிராஃபைக் காட்டினாள். இடப்பக்கம் மேலே சமமாக வந்த கோடு, நடுவுக்குச் சற்று முன்னால் சரிந்து தாளின் அடிக்குப் போய்விட்டிருந்தது. ஆபிரகாம் அதை வெகுநேரம் பார்த்தார். பயமாக இருந்தது. மறைக்கிறோம் என்று தெரிந்ததே தவிர எவ்வளவை மறைக்கிறோம் என்று அவருக்கே தெரிந்திருக்கவில்லை.

"ஒரு பொம்பளப் புள்ள பயந்து கத்துனா, அது இதுல எங்கம்மா வரும்?"

சுகப்பிரியா பேனா முனையைக் கோடு சரிந்து விழுந்த இடத்தில் வைத்து, அங்கிருந்து வலப்பக்கமாக இழுத்துக் காட்டினாள். அங்கே எல்லாம் கோடு அடியில்தான் கிடந்தது.

டாக்டர் கையெழுத்து வாங்கிக்கொண்டு சேஃப்டி ஆபீசுக்குப் போனபோது சக்திகுமார் யாருடனோ போனில் இருந்தார். முத்துச்செல்வி மூலை நாற்காலியில், தினமும் உட்கார வைக்கிற இடத்தில், கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆபிரகாம் தாளை மேஜையில் வைத்தார். சக்திகுமார் போனை வைத்துவிட்டு அதைப் பார்த்தார், தலையாட்டினார், அவளுடைய நோட்டீஸ் இருந்த ஃபைலை இழுத்தார்.

ஆபிரகாம் சக்திகுமாரைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராகத் திரும்பி நின்று சொன்னார்:

"நீ கத்திக்கீறம்மா. மூணு வாட்டியும் கத்திக்கீற."